சக்கரத்தில் வெந்த இரும்பு

அம்பாசடர் காலத்தில் சக்கரம் கழுவுவதற்கென்று தனி ஆள் கிடையாது. வண்டியை ராம்ப்பில் ஏற்றி அடிப்பக்கச் சேற்றைப் பீய்ச்சித் தள்ளும்போது சக்கரத்துக்கும் அதே தண்ணீர்தான். ஹப் கேப்பைக் கழற்றி, பனியன் வேஸ்ட்டில் மண்ணெண்ணெய் தொட்டு நாலு இழுப்பு இழுத்தால் குரோமியம் பளிச்சென்று ஆகிவிடும். இரும்பு ரிம்மில் சேறு இருக்கும், தார் இருக்கும், கிரீஸ் இருக்கும். எல்லாம் துடைத்தால் போய்விடுபவை. ஓடுகிற வண்டி தன் சக்கரத்தைத் தானே கறையாக்கிக்கொள்ளும் என்று அன்று யாரும் கவலைப்பட்டதில்லை.

எண்பதுகளின் நடுவில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து சென்னைக்கு வந்து, ஒரு பெட்ரோல் பங்க்கின் வாட்டர் சர்வீஸில் ஹோஸ் பிடித்தவர் இன்று பாடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவே சொந்தக் கடை வைத்திருக்கிறார். வேலை செய்யும் பையன்களுக்கு அவர் அண்ணாச்சி. வண்டி கொண்டுவருகிறவர்களும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். பாலிஷ், இன்டீரியர், கோட்டிங் எல்லாம் அவர் கடையில் உண்டு. ஆனால் அவர் பெயர் பரவியது சக்கரத்தால். மற்ற இடங்களில் "இது போகாது சார், மாத்திருங்க" என்று சொல்லி அனுப்பிய அலாய் வீல்கள்தான் அவரிடம் அதிகம் வருகின்றன.

பிரேக் தூசு அம்பாசடர் காலத்திலும் இருந்தது. அந்தக் கால அம்பாசடர்களிலும் பத்மினிகளிலும் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். லைனிங் தேய்ந்து விழும் பொடி டிரம்முக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். டிரம்மைக் கழற்றும்போதுதான் உள்ளே குவிந்திருக்கும் சாம்பல் நிறப் பொடி கண்ணில் படும். பக்கத்து ஷெட் மெக்கானிக்குகள் ஏர் ஹோஸை வைத்து அதை ஊதித் தள்ளுவார்கள். வெயில் கோட்டில் அந்தப் புகை மிதந்துகொண்டிருக்க, அதன் நடுவே நின்று டீ குடிப்பார்கள். அந்த லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. மூச்சோடு போன இழை நுரையீரலில் தங்கி, பல பத்தாண்டுகள் கழித்துக்கூட நோயாக வெளிப்படக்கூடியது. முகத்தில் துணி கட்டச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை. இன்று அவர் கடையில் பிரேக் பக்கம் ஏர் ஹோஸ் காட்டத் தடை. முதலில் தண்ணீர், பிறகுதான் கை.

தொண்ணூறுகளில் காட்சி மாறியது. 1993இல் மாருதி ஜென், 1994இல் எஸ்டீம், 1995இல் டேவூ சியேலோ, 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ என்று வரிசையாகப் புது வண்டிகள் வந்தன. முன் சக்கரத்தில் டிஸ்க், பின் சக்கரத்தில் டிரம் என்பது வழக்கமாயிற்று. அதே சமயத்தில் இரும்பு ரிம்மைக் கழற்றிப் போட்டுவிட்டு அலாய் வீல் மாட்டும் ஆசையும் பரவியது. ஜி.பி. ரோடு கடைகளில் அலாய் வீல்கள் கண்ணாடிக்குப் பின்னால் அடுக்கப்பட்டிருக்கும். புதிதாக மாட்டிய சில வாரங்களில் வண்டிக்காரர் திரும்பி வருவார். பின் சக்கரம் இரண்டும் வாங்கியபடியே இருக்கும். முன் சக்கரம் இரண்டும் கருத்திருக்கும்.

காரணம் டிஸ்க்கின் அமைப்பிலேயே இருக்கிறது. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வது. காலிபர் பேடை அழுத்தும்போது பேடும் தேய்கிறது, டிஸ்க்கும் தேய்கிறது. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பகுதி முன் சக்கரத்தின் தலையில் விழுவதால் தூசும் அங்கேதான் அதிகம். டிஸ்க்குக்கும் சாலைக்கும் நடுவே மறைத்து நிற்பது சக்கரத்தின் முகம்தான். பறக்கிற பொடி அதன் ஆரங்களிலும் நட்டுக் குழிகளிலும் உள்வட்டத்திலும் போய் அப்பிக்கொள்ளும்.

அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்பதை அண்ணாச்சிக்குச் சொல்லிக்கொடுத்தது பாடிதான். சக்கரம் செய்யும் வீல்ஸ் இந்தியா, பிரேக் செய்யும் பிரேக்ஸ் இந்தியா, லைனிங் செய்யும் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் மூன்றும் அந்த ஒரே வட்டாரத்தில் இயங்குபவை. ஷிஃப்ட் முடிந்து பைக் கழுவ வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே அவர் பாடம் படித்தார். பேட் என்பது ஒரே பொருள் அல்ல. ஃபீனாலிக் ரெசின் என்னும் பிசின், நார்கள், கிராஃபைட், பாரைட் பொடி, உலோகத் துகள் எனப் பலவும் சேர்த்துச் சூட்டில் அழுத்திச் செய்த கலவை. டிஸ்க்கோ வார்ப்பிரும்பு. ஆகவே சக்கரத்தில் படிவதில் பாதி இரும்பு, பாதி கரியும் பிசினும் என்று பையன்களுக்கு அவர் சுருக்கமாகச் சொல்வார். அளவு வண்டிக்கு வண்டி, பேடுக்குப் பேட் மாறும். இரண்டும் வேறு வேறு சரக்கு, இரண்டுக்கும் வேறு வேறு மருந்து என்பதுதான் அந்தப் பாடத்தின் சாரம்.

சூடு சேரும்போது விஷயம் முற்றுகிறது. பிரேக் போட்ட இடத்தில் வெப்பம் சில நூறு டிகிரிக்கு ஏறும். அங்கிருந்து தெறிக்கும் இரும்புத் துகள் சக்கரத்தின் மேல்பூச்சான கிளியர் கோட்டில் குத்திக்கொண்டு உட்காருகிறது. மழையோ கழுவிய தண்ணீரோ பட்டால் துகள் துருப்பிடிக்கிறது. துரு இரும்பைவிட அதிக இடம் கேட்பது. எனவே பூச்சை நெம்பிக்கொண்டு விரிகிறது. அடுத்த சூட்டில் பிசின் அதன்மேல் இளகி, ஆறி, இறுகுகிறது. இப்படி அடுக்கடுக்காக மாதக்கணக்கில் நடந்த பிறகு ஷாம்பூ போட்டுத் தேய்த்தால் மேலடுக்கு மட்டும்தான் வரும். "பால் அடிப்பிடிச்ச சட்டிய யாராவது காயவச்சுச் சொரண்டுவாங்களாடே? ஊறப்போடணும்" என்று புதுப் பையனிடம் அவர் சொல்வது வழக்கம்.

ஜெர்மன் வண்டிகள் பெருகியபோது இந்தப் பிரச்சினை இரட்டிப்பாகியது. மெர்சிடிஸ் தொண்ணூறுகளின் நடுவிலேயே புனேயில் கார்களைப் பூட்டத் தொடங்கியிருந்தது. 2007இல் செங்கல்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ ஆலை திறந்த பிறகு சென்னைச் சாலைகளில் அவை சகஜமாயின. லட்சக்கணக்கில் பணம் கொடுத்தவர் "நாலு நாள்ல வீல் கருப்பாயிடுதே, வண்டியில ஏதோ கோளாறு" என்று பதறி வருவார். கோளாறு ஒன்றும் இல்லை. வேகக் கட்டுப்பாடு இல்லாத நெடுஞ்சாலைகளில் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க வேண்டிய வண்டிக்கு, டிஸ்க்கை இறுகக் கடிக்கும் பேடை வைக்கிறார்கள். உலோகம் கலந்த அந்தப் பேட் டிஸ்க்கையும் சேர்த்து அரைக்கும். ஜப்பானிய, கொரிய வண்டிகளில் பெரும்பாலும் உலோகம் குறைந்த பேட் வருவதால் தூசும் குறைவு, அதன் நிறமும் வெளிர். இதைப் பொறுமையாக விளக்கி, பேடை மாற்ற நினைப்பவர் கம்பெனி சொல்லும் ரகத்தை விட்டு விலகக் கூடாது என்றும் எச்சரித்து அனுப்புவார். சக்கரம் வெளுப்பாக இருப்பதற்காக வண்டி நிற்கும் தூரத்தைக் கூட்டிக்கொள்ளக் கூடாது என்பதில் அவர் கறார்.

போகாத கறையைப் போக்க ஊரில் நடந்த வைத்தியங்கள் பல. ஒருவர் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைப் போட்டுத் தேய்ப்பார். பூச்சில் ஆயிரம் கீறல் விழும். நாரிலிருந்து உதிர்ந்த இரும்புத் துணுக்குகளும் கீறலுக்குள் தங்கி, அடுத்த மழையில் புதிதாகத் துருப்பிடிக்கும். இன்னொருவர் எமரி ஷீட். வேறொருவர் பெட்ரோல், தின்னர். தார்ப்புள்ளிக்குத் தின்னர் வேலை செய்யும்; கூடவே பூச்சையும் இளக்கும். இரும்பை அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும்விடக் கொடியது ஆசிட். கழிவறை கழுவும் ஆசிட்டைச் சக்கரத்தில் ஊற்றிய வண்டியை அண்ணாச்சி பலமுறை பார்த்திருக்கிறார். அதில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். துரு சட்டென்று கரைவதால் ஊற்றியவருக்கு உற்சாகம் வந்துவிடும். கிளியர் கோட்டில் ஒரு கீறல் இருந்தால் போதும், அமிலம் உள்ளே இறங்கி அலுமினியத்தைத் தின்னத் தொடங்கும். சில வாரம் கழித்துப் பூச்சுக்கு அடியில் வெள்ளைக் கோடுகள் புழு ஊர்ந்த தடமாகப் படரும். அதைக் கழுவி எடுக்க எந்த மருந்தும் கிடையாது. பூச்சை உரித்து மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி. எஞ்சின் கழுவும் காஸ்டிக் சோடா கலவையும் அலுமினியத்துக்கு இதே எதிரிதான். பூச்சில்லாமல் பாலிஷ் மட்டும் போட்ட சக்கரத்தில் அது பட்டால் சில நிமிடங்களில் முகம் சாம்பல் பூத்துவிடும்.

சக்கரம் போனால் வேறு வாங்கலாம், விரல் போனால் முடியாது. ஒரு கடையில் வேலை செய்த பையனின் கதையை அண்ணாச்சி இன்றும் குரல் உயர்த்தித்தான் சொல்கிறார். பெயர் ஒட்டாத வெள்ளைக் கேனில் வந்த "வீல் ஆசிட்"டை வெறுங்கையால் ஸ்பாஞ்சில் தொட்டுத் தேய்த்திருக்கிறான். தேய்க்கும்போது எரிச்சல் இல்லை. வீட்டுக்குப் போய் இரவில்தான் விரல் நுனிகள் துடிக்க ஆரம்பித்தன. ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தின் குணம் அது. நீர்த்த நிலையில் பட்ட உடன் வலி தெரியாது. தோலைக் கடந்து உள்ளே இறங்கி, உடம்பிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு, மணிக்கணக்கில் கழித்தே வலியாக வெளிவரும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பையே குலைக்கும். அதற்கு மருந்து கால்சியம் குளுகோனேட் ஜெல். அதைத் தடவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். அந்தப் பையன் பிழைத்தான், விரலும் தப்பியது. அன்றிலிருந்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத கேன் எதுவும் அண்ணாச்சி கடைப் படி ஏறியதில்லை. அமோனியம் பைஃபுளோரைடு என்று எழுதியிருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். தண்ணீரில் கரைந்தால் அதுவும் அதே குணத்தைக் காட்டும்.

பிரேக் தூசு வண்டியின் சொந்தப் பிரேக்கிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. இதை அவருக்கு உணர்த்தியவை கொரட்டூர், வில்லிவாக்கம் பக்கத்து வண்டிகள். தண்டவாளத்தை ஒட்டிய தெருக்களில் நிறுத்தப்படும் வெள்ளைக் கார்களில் பானெட், கூரை, கதவு எங்கும் ஊசிமுனை அளவு ஆரஞ்சுப் புள்ளிகள். பெயிண்ட் துருப்பிடித்துவிட்டது என்று உரிமையாளர்கள் கலங்குவார்கள். பெயிண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரயில் சக்கரமும் தண்டவாளமும் பிரேக் கட்டையும் உரசி உதிர்த்த இரும்பு காற்றில் வந்து படிந்து, ஈரம் பட்டுத் துருவாகியிருக்கும். சக்கரத்தில் நடப்பதன் மெல்லிய வடிவம் அது.

புள்ளி கண்ணுக்குத் தெரியாத கருப்பு வண்டிகளுக்கு அவர் ஒரு சோதனை வைத்திருக்கிறார். கழுவித் துடைத்த பரப்பின்மேல், மெல்லிய பாலித்தீன் கவருக்குள் விரலை விட்டு மெதுவாகத் தடவுவது. வெறும் விரலுக்கு வழுவழுப்பாகப்படும் இடம் கவர் வழியாகச் சொரசொரப்பாகப் பேசும். சக்கரத்தின் ஆரங்களிலும் அதே சோதனைதான். சொரசொரப்பு இருந்தால் இன்னும் இரும்பு இருக்கிறது, வேலை முடியவில்லை.

முதலில் கைக்கு வந்த நல்ல ஆயுதம் களிமண் கட்டி. டிடெய்லிங் களிமண் என்று கடைகளில் கிடைக்கும் அந்தச் செயற்கைப் பிசைபொருளை உருவாக்கியவர் ஜப்பானியரான டடாவோ கொடாட்டே. தொண்ணூறுகளில் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார். சோப்புத் தண்ணீர் வழுக்கலில் கட்டியைத் தேய்த்தால் துருத்திக்கொண்டு நிற்கும் துகளைப் பிடித்து இழுத்து வந்துவிடும். கதவுக்கும் பானெட்டுக்கும் அது அருமை. சக்கரத்தில் சிக்கல் உண்டு. பிடுங்கிய இரும்பு களிமண்ணிலேயே இருப்பதால் அடுத்த இழுப்பில் அதுவே கீறும். கட்டியை அடிக்கடி மடித்துப் புதுமுகம் காட்ட வேண்டும். ஒரு சக்கரத்துக்கு ஒரு கட்டி கரைந்தது. உள்வட்டத்தின் மூலைக்குக் கையும் போகாது.

பிறகு வந்தது நிறம் மாறும் திரவம். ஜெர்மனியின் சோனாக்ஸ், கார்ப்ரோவின் அயர்ன் எக்ஸ் போன்றவை இந்தியச் சந்தைக்கு வந்தபோது அண்ணாச்சி முதலில் நம்பவில்லை. நிறமற்றோ வெளிர்பச்சையாகவோ இருக்கும் திரவத்தைச் சக்கரத்தில் தெளித்தார். ஓரிரு நிமிடத்தில் ஆரங்களின் இடுக்கில் ஊதாப் புள்ளிகள் கிளம்பின. பிறகு அவை கோடுகளாகி, கருஞ்சிவப்பாகத் தரையில் வழிந்தன. கடைக்குள் அழுகிய முட்டை நாற்றம். பக்கத்து பியூட்டி பார்லர் அம்மா எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, எங்க கடை லோஷன உங்க கடையில யாரு கொட்டினது?" என்று கேட்டார். அந்தக் கேள்வி சரியானது. தலைமுடியைச் சுருட்ட பார்லர்களில் பூசும் லோஷனிலும், முடி நீக்கும் கிரீம்களிலும் இருக்கும் தயோகிளைக்கோலேட் உப்புதான் இதிலும் வேலை செய்வது. முடியில் அது கந்தகப் பிணைப்பை அறுக்கிறது. சக்கரத்தில் இரும்பைப் பிடித்து, தண்ணீரில் கரையும் ஊதா நிறச் சேர்மமாக்கிவிடுகிறது. அமிலத்தன்மையோ காரத்தன்மையோ பெரிதாக இல்லாமல் நடுநிலையை ஒட்டி இருப்பதால் நல்ல நிலையிலுள்ள கிளியர் கோட்டையும் அலுமினியத்தையும் அது சீண்டுவதில்லை.

ஊதா நிறம் பலரை ஏமாற்றுகிறது. நிறம் வந்தால் இரும்பு கரைகிறது என்று அர்த்தம். எல்லாம் கரைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மேலே கரியும் பிசினும் மூடியிருந்தால் திரவம் இரும்பைத் தொடவே முடியாது. சேறும் பிசினுமான சக்கரத்தில் நேராக இதை அடித்துவிட்டு, "மருந்து டூப்ளிகேட்" என்று புகார் சொல்கிறவர்கள் உண்டு. அதனால்தான் அண்ணாச்சி கடையில் வரிசை மாறாது.

முதலில் சக்கரம் ஆறவேண்டும். புறங்கையை டிஸ்க்குக்கு அருகில் கொண்டுபோய் வெக்கை அடங்கியதா என்று பார்ப்பார். சூட்டோடு தண்ணீர் அடித்தால் டிஸ்க் கோணும் அபாயம் உண்டு. மருந்தும் காய்ந்து அதுவே கறையாகிவிடும். அடுத்து, சக்கரத்தின் மேல்பூச்சு எது என்று பார்ப்பார். பெயிண்டும் கிளியர் கோட்டும் போட்டதா, முகத்தைக் கடைந்த டயமண்ட் கட்டா, குரோமியமா, வெறும் பாலிஷா, மேட் ஃபினிஷா? டயமண்ட் கட்டில் கடைந்த விளிம்பில் பூச்சு மெல்லியது, அங்கே நகம் பட்டாலும் பார்த்துப் படவேண்டும். மேட் சக்கரத்தில் பாலிஷ் வைத்தால் இடம் இடமாக மினுங்கிவிடும். பூச்சு ஏற்கெனவே கொப்பளித்திருந்தால் அதை உரிமையாளரைக் கூப்பிட்டுக் காட்டி, போட்டோ எடுத்த பிறகே வாளியைத் தொடுவார்கள்.

பிறகு பிரஷர் தண்ணீர். அப்புறம் ஷாம்பூ நுரை, பன்றிமயிர் பிரஷ், நட்டுக் குழிக்குப் பழைய பெயிண்ட் பிரஷ். கரியும் பிசினும் பெரும்பாலும் இதில் கிளம்பும். அலசி, தண்ணீர் சொட்டாத அளவுக்கு ஒற்றியெடுத்துவிட்டு, இரும்புக் கரைப்பானைத் தெளிப்பார்கள். மூன்று முதல் ஐந்து நிமிடம் பொறுத்திருக்க வேண்டும்; காயவிடக் கூடாது. ஆகவே நிழலில், ஒரு நேரத்துக்கு ஒரு சக்கரம். மெதுவாகப் பிரஷ் ஓட்டி அலசல். மறுபடி தெளித்தால் மறுபடி ஊதா வரும். நிறம் வெளிறும்வரை அதையே திரும்பச் செய்வார்கள். அதன்பின் தார் நீக்கி. கடைசியாக, கவர் சோதனையில் சிக்கிய இடத்துக்கு மட்டும் களிமண். எல்லாம் முடிந்து நிழலாகத் தெரியும் கறைக்குக் கையால் லேசான பாலிஷ். பிறகு வேக்ஸோ செராமிக் கோட்டிங்கோ. ஆண்டுக்கணக்கில் கவனிக்காமல் விட்ட சக்கரம் என்றால் ஒன்றுக்கே ஒரு மணி நேரம் போய்விடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாத பையன் இந்த வேலையில் நிற்க முடியாது. தயோகிளைக்கோலேட் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும்.

உள்வட்டம் வரை சுத்தம் கேட்பவர்களுக்குச் சக்கரத்தைக் கழற்றித்தான் செய்ய வேண்டும். அங்கே வேறு கவனம். உள்பக்கம் ஒட்டியிருக்கும் பேலன்ஸிங் எடைகளின் பசையைத் தார் நீக்கி இளக்கிவிடும். ஒரு சிறு எடை விழுந்தாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஸ்டியரிங் உதறும். அதனால் எடை இருக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு விலகியே தேய்ப்பார்கள். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி, டார்க் ரெஞ்சில் வண்டிக் கையேடு சொல்லும் அளவுக்கு முடுக்குவது கட்டாயம். சிறிய கார்களில் அது 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியும், பெரிய ஜெர்மன் கார்களில் 120, 140 என்றும் இருக்கும். காலால் ஏறி மிதித்து முடுக்கிய காலம் அந்தக் கடையில் முடிந்துபோனது. வெளியே அனுப்பும் முன் கடை வாசலிலேயே நாலைந்து தடவை பிரேக் பிடித்து டிஸ்க்கை உலர்த்துவார்கள்.

இத்தனை ஆண்டுகளில் அண்ணாச்சிக்குக் கைவந்த இன்னொரு வித்தை, தூசியைப் பார்த்து வண்டியின் நோயைச் சொல்வது. நான்கு சக்கரமும் கழுவுமுன் ஒரு சுற்று சுற்றி வருவார். முன் இரண்டில் ஒன்று மட்டும் மிக அதிகமாகக் கருத்திருந்தால் அந்தப் பக்கக் காலிபரின் ஸ்லைடு பின் இறுகி, பேட் விடாமல் உரசிக்கொண்டிருக்க வாய்ப்பு. ஒன்று மட்டும் அதிசயமாகச் சுத்தமாக இருந்தால் இன்னும் மோசம். அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்காமல் இருக்கலாம். தூசு ஈரப்பசையோடு அப்பியிருந்தால் பிரேக் ஆயிலோ கிரீஸோ கசிகிறது. டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு எழும்பியிருந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சக் கனம் பொறிக்கப்பட்டிருக்கும், மெக்கானிக்கிடம் அளந்து பார்க்கச் சொல்வார். "கழுவிட்டா இந்தச் சாட்சியெல்லாம் போயிரும். அதான் முதல்ல பாத்துக்கிடுதேன்" என்பார். அவர் பேச்சைக் கேட்டு மெக்கானிக்கிடம் போய் இறுகிப்போன காலிபரைக் கண்டுபிடித்தவர்கள் இன்றும் அவருடைய வாடிக்கையாளர்கள்.

நீண்ட விடுமுறை முடிந்த திங்கட்கிழமை எந்தெந்த வண்டி மலைக்குப் போய் வந்தது என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஊட்டியின் கல்லட்டிச் சாலையில் 36 கொண்டை ஊசி வளைவு, கொல்லிமலையில் 70. நியூட்ரலிலோ டாப் கியரிலோ விட்டு, வழியெல்லாம் பிரேக்கில் கால் வைத்து இறங்கிய வண்டியின் முன் சக்கரம் பழுப்பும் கருப்புமாக வெந்திருக்கும். அந்த ஓட்டுநரிடம் சக்கரத்தின் அழகைப் பற்றிப் பேசமாட்டார். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், எஞ்சினே வண்டியைப் பிடிக்கும், பிரேக்கை விட்டு விட்டுப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்புவார். அடங்காத சூட்டில் பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் அடிவரை போய்விடும். அப்போது சக்கரத்தின் நிறம் யாருக்கும் கவலையாக இருக்காது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, சென்னை லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றபோது கார் கழுவுவது பற்றி யோசிக்கவே கூச்சமாக இருந்தது. கடை பெரும்பாலும் மூடியே கிடந்தது. மழை வந்து மக்கள் வண்டிகளை எடுத்து வந்தபோது மாதக்கணக்கில் தண்ணீர் காணாத சக்கரங்களில் அடுக்கடுக்காகக் கறை. ஒழுங்காக வாரம் ஒருமுறை வெறும் ஷாம்பூவில் கழுவப்படும் சக்கரத்துக்கு ஊதா மருந்தே தேவைப்படாது என்பதை அந்தக் கூட்டம் அவருக்கு அழுத்திச் சொன்னது. ஒரு சக்கரத்துக்கு அரை வாளி நீரும் ஈரத்துணியும் போதும் என்று செய்துகாட்ட ஆரம்பித்தது அப்போதிலிருந்துதான். போர்வெல் தண்ணீரின் உப்புத் தடம் காயும் முன் மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார்.

2020 ஊரடங்கு வேறு விதமாக வந்தது. ஓடாமல் நின்ற வண்டிகளின் டிஸ்க்கில் துரு படர்ந்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கத்து வண்டிகளில் கடற்காற்று அதை விரைவாக்கியது. தளர்வு வந்து முதல் பிரேக் பிடித்ததும் அந்தத் துரு முழுவதும் அரைபட்டுச் சக்கரத்தில் ஆரஞ்சுப் பூச்சாக இறங்கியது. அதை அன்றே கழுவியவர்களுக்குச் சிரமம் இல்லை. பல வாரம் விட்டவர்களின் சக்கரம்தான் கவர் சோதனையில் மாட்டியது.

சக்கரத்திலிருந்து வழிந்தோடும் தண்ணீரைப் பற்றி முன்பு யாரும் கேட்டதில்லை. அமெரிக்காவில் கேட்டார்கள். பேடில் கலக்கும் தாமிரம் மழைநீரோடு ஓடைகளுக்கும் கடலுக்கும் போய் மீனினங்களைப் பாதிக்கிறது என்று கலிஃபோர்னியா 2010இல் சட்டம் இயற்றியது. 2021 முதல் பேடில் தாமிரம் 5 சதவீதத்துக்குக் கீழ், 2025 முதல் 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்பது அதன் வரம்பு. ஐரோப்பாவின் யூரோ 7 விதி இன்னும் ஒரு படி மேலே போய், புகைபோக்கிக்கு வைத்ததுபோல் பிரேக்குக்கும் வரம்பு வைத்திருக்கிறது. பெட்ரோல், டீசல் கார்கள் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராம் நுண்துகள், மின்சாரக் கார்கள் 3 மில்லிகிராம். 2026 நவம்பர் முதல் அங்கே வரும் புது மாடல்களுக்கு இது பொருந்தும். சக்கரத்தில் ஒட்டுவது தூசியில் ஒரு பங்குதான், மீதி நாம் மூச்சிழுக்கும் காற்றில் கலக்கிறது என்பதை அண்ணாச்சி தன் பையன்களுக்கு இப்போது அடிக்கடி நினைவூட்டுகிறார். ஊதா நீரைச் சாக்கடையில் நேராக விடாமல், தொட்டியில் தேக்கி வண்டலைத் தனியே எடுக்கும் ஏற்பாட்டைத் தன் செலவில் செய்திருக்கிறார்.

பிரேக் செய்பவர்களும் சும்மா இல்லை. 2017இல் போர்ஷே தன் கயேன் காருக்கு டங்ஸ்டன் கார்பைடு பூசிய டிஸ்க் கொண்டுவந்தது. தூசு 90 சதவீதம் வரை குறையும் என்று சொல்லி, அந்த நம்பிக்கையில் காலிபருக்கு வெள்ளை நிறமே பூசினார்கள். மின்சாரக் கார்களில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி, பேட்டரிக்கு மின்சாரம் திருப்புகிறது. பிரேக்குக்கு வேலை குறைவு. ஃபோக்ஸ்வேகன் ஐ.டி. 4 போன்ற கார்களில் பின் சக்கரத்துக்கு டிரம்மே திரும்பி வந்துவிட்டது. நம்மூர் நெக்சான் மின்சாரக் காரும் பின்னால் டிரம்மோடுதான் வந்தது.

சக்கரம் கழுவும் வேலை இதனால் குறையும் என்று எதிர்பார்த்தவருக்கு மின்சார டாக்ஸிகள் வேறு வேலை கொண்டுவந்தன. பிரேக்கே அதிகம் படாததால் முன் டிஸ்க்குகள் மழைக்காலத்தில் துருப்பிடித்து, வெள்ளை, சாம்பல் நிறச் சக்கரங்களில் ஆரஞ்சுக் கோடுகளாக ஒழுகுகின்றன. கரியும் பிசினும் குறைவு, துரு மட்டும் அதிகம். ஷாம்பூ வேலை சீக்கிரம் முடிகிறது, இரும்புக் கரைப்பான் இரண்டு சுற்று கேட்கிறது. அந்த ஓட்டுநர்களிடம், வாரத்தில் ஓரிரு முறை காலியான சாலையில் பெடலை நன்றாக மிதித்து நிறுத்திப் பழகச் சொல்கிறார். டிஸ்க் துரு நீங்கி நிற்கும், அவசரத்தில் பிரேக்கும் சரியாகப் பிடிக்கும். கடையின் விலைப்பலகையில் போன மழைக்காலத்துக்குப் பின் புது வரி ஒன்று ஏறியிருக்கிறது: மின்சார வண்டி, நான்கு சக்கரம், துரு நீக்கம். அந்த வேலையை இப்போது தனியாகப் பார்ப்பவன், இரண்டு ஆண்டுக்கு முன் கையுறை போட அடம்பிடித்த பையன்.